பண்ணைக்கு ஒரு பட்டறை வண்டி
வெல்டிங் தள்ளுவண்டியை நாமே செய்யும் முறை

ஒற்றை நாற்று நடவு செய்கிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். நட்ட பத்தாம் நாள் கோனோ வீடரை வயலில் இறக்க வேண்டும். பிறகு பத்து நாளைக்கு ஒருமுறை ஓட்ட வேண்டும். அன்றைக்குப் பார்த்து உருளையில் ஒரு பல் விட்டுப்போகும், இல்லை கைப்பிடி ஒடியும். பற்றவைக்க டவுனுக்குத்தான் போக வேண்டும். வேலை என்னவோ ஐந்து நிமிடம். போய்வர, காத்திருக்க என்று ஒரு நாள் போய்விடும். சில நாள் "நாளைக்கு வாங்களேன்" என்பார் பட்டறைக்காரர். அவரையும் குறை சொல்ல முடியாது, கேட்டும் கிரில்லும்தான் அவருக்குச் சோறு போடுகிறது. ஆனால் களை நமக்காகக் காத்திருக்காது. களைக்கொல்லியை விட்டொழித்த நமக்கு அந்தச் சின்னக் கருவிதான் எல்லாம். அது நின்றால் பட்டம் தவறும்.

இப்போது 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின்கள் ஒரு கையில் தூக்கும் எடையில் வருகின்றன. வாங்கியும் வைத்திருக்கிறார்கள் நம் நண்பர்கள் பலர். ஆனால் மிஷின் மோட்டார் ரூமில், ராடு அடுக்களைப் பரணில், முகக் கவசம் எங்கே என்றே தெரியாது. தேடி எடுக்கச் சோம்பல்பட்டு, வெறும் கையோடும் வெறும் கண்ணோடும் "ஒரே ஒரு பொட்டுதானே" என்று பற்றவைத்துவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் வருகிறது. எல்லாப் பொருளும், பாதுகாப்புச் சாமானும் சேர்த்து, ஒரே வண்டியில் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. புதிதாகப் பற்றவைக்கப் பழகுகிறவருக்கு இந்த வண்டியே நல்ல முதல் பாடம்.

எந்த மாதிரி வண்டி?

கடையில் விற்கும் வெல்டிங் வண்டிகளில் பெரும்பாலும் சின்னச் சக்கரம் இருக்கும். சிமெண்ட் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடும். நம் களத்து மண்ணில் ஒரு கூழாங்கல் குறுக்கே வந்தாலே நின்றுவிடும். ஆகவே பின்பக்கம் இரண்டு பெரிய சக்கரம், முன்பக்கம் இரண்டு கால், கால் பக்கமாகவே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி என்று வைத்துக்கொள்வோம். மண் அள்ளும் தள்ளுவண்டி மாதிரிதான். கைப்பிடியைத் தூக்கினால் ஓடும், இறக்கினால் காலை ஊன்றி அசையாமல் நிற்கும். பற்றவைக்கும்போது வண்டி நகரக் கூடாது என்பதற்கும் இதுவே பாதுகாப்பு.

தூக்க எவ்வளவு பாரம் இருக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். வண்டியும் சாமானும் சேர்ந்து சுமார் 50 கிலோ. பாரத்தின் மையம் அச்சிலிருந்து 20 செ.மீ தள்ளி இருக்கிறது. கைப்பிடி நுனி அச்சிலிருந்து 80 செ.மீ. 50-ஐ 20-ஆல் பெருக்கி 80-ஆல் வகுத்தால் 12.5 கிலோ. ஒரு குடம் தண்ணீர் பாரம், அவ்வளவுதான். வீட்டுப் பெண்களும் தள்ளலாம்.

பொருள் பட்டியல்

- 25 மி.மீ சதுரப் பைப், 2 மி.மீ கனம்: 7.1 மீட்டர். மீட்டருக்குச் சுமார் 1.4 கிலோ வீதம் 10 கிலோ.
- 25 மி.மீ அகல, 3 மி.மீ கனப் பட்டை: 3.8 மீட்டர். 2.2 கிலோ.
- 2 மி.மீ தகடு, 60 × 45 செ.மீ: 4.2 கிலோ.
- 20 மி.மீ உருட்டுக் கம்பி, 65 செ.மீ: 1.6 கிலோ. இதுதான் அச்சு.
- பேரிங் வைத்த 10 அங்குல டயர் சக்கரம்: 2.
- வாஷர், கோட்டர் பின், காலுக்கு அடியில் வைக்க 5 செ.மீ சதுரத் தகட்டுத் துண்டு 2.

இரும்பு மட்டும் சுமார் 18 கிலோ. உங்கள் ஊர் விலையை 18-ஆல் பெருக்கினால் செலவு தெரிந்துவிடும். புது இரும்புதான் வேண்டும் என்பதில்லை. பழைய இரும்புக் கடையில் துண்டு பைப் எடைக்குக் கிடைக்கும். நம் பட்டியலில் நீளமான துண்டே 90 செ.மீதான். கடையில் எடையைச் சரிபார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு: பட்டையின் அகலத்தையும் கனத்தையும் மி.மீட்டரில் பெருக்கி, வருவதை 0.00785-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும்.

ஒரு எச்சரிக்கை: ஜிஐ பைப்பை எடுக்காதீர்கள். அதன் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகையாக வரும். அதைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர் காய்ச்சல் போல உடம்பு நடுங்கும். கறுப்பு பைப்பே போதும். துருவும் பெயிண்டும் இருந்தால் மூட்டு வரும் இடத்தில் சுரண்டிவிடுங்கள்.

சக்கரத்தை முதலில் வாங்குங்கள், கம்பியைப் பிறகு. சக்கரத்தின் துளைக்கு ஏற்றபடிதான் கம்பி அமைய வேண்டும். சைக்கிள் சக்கரம் வேண்டாம். அதற்கு இரண்டு பக்கமும் பிடிமானம் வேண்டும், ஒரு பக்க அச்சில் மாட்டினால் வளைந்துவிடும்.

வெட்டும் அளவு

சதுரப் பைப்பில் 14 துண்டு:

- அடிச்சட்டம்: 60 செ.மீ 2, 40 செ.மீ 2
- மேல்சட்டம்: 90 செ.மீ 2, 40 செ.மீ 2 (90-இல் கூடுதலாக நிற்கும் 30 செ.மீதான் கைப்பிடி)
- நிற்கும் தூண்: 55 செ.மீ 4
- கால்: 13.5 செ.மீ 2

கால் ஏன் 13.5? சக்கரத்தின் பாதி உயரம் 12.5 செ.மீ, சட்டத்துக்கு அடியில் வரும் அச்சின் பாதிக் கனம் 1 செ.மீ. இரண்டையும் கூட்டினால் வண்டி மட்டமாக நிற்கும். உங்களுக்குக் கிடைக்கும் சக்கரம் வேறு அளவென்றால் இதே கணக்கை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். காலுக்கு அடியில் வைக்கும் தகட்டின் கனத்தை அதில் கழித்துக்கொள்ளலாம்.

பட்டையில் அடித்தளத்துக்கு 45 செ.மீ துண்டு 5. குறுக்குத் தாங்கலுக்கு 71 செ.மீ ஒன்று, 81 செ.மீ ஒன்று. வெட்டும்போது கிரைண்டரின் காப்பைக் கழற்றாதீர்கள். வெட்டும் சக்கரத்தின் மேல் போட்டிருக்கும் காலாவதி தேதியையும் பாருங்கள்.

பற்றவைக்கும் வரிசை

2 மி.மீ பைப்புக்கு 12-ஆம் நம்பர் ராடு, அதாவது 2.5 மி.மீ கனமுள்ள 6013 ராடு சரி. 60 முதல் 75 ஆம்பியருக்குள் வையுங்கள். முதலில் கழிவுத் துண்டு இரண்டை எடுத்துப் பற்றவைத்துப் பாருங்கள். ஓட்டை விழுந்தால் ஆம்பியரைக் குறையுங்கள், ராடு ஒட்டிக்கொண்டால் கூட்டுங்கள். பத்துத் துண்டு இப்படிப் பழகிவிட்டு வண்டியைத் தொட்டால் போதும்.

1. அடிச்சட்டத்தைத் தரையில் பரப்பி மூலைக்கு ஒரு பொட்டு மட்டும் வையுங்கள். முழுதாக ஓட்டாதீர்கள்.

2. மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள். சட்டத்தின் வெளி அளவு 45-க்கு 60. மூலைவிட்டம் சரியாக 75 செ.மீ வர வேண்டும். வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது கொத்தனார் பார்க்கும் 3-4-5 மூலைமட்டம்தான் இது. இரண்டும் 75 வராவிட்டால் சுத்தியால் தட்டிச் சரிசெய்யலாம். பொட்டு மட்டும் வைத்திருப்பதன் பலன் அதுதான்.

3. மேல்சட்டத்தையும் அப்படியே செய்யுங்கள். பிறகு நான்கு தூணையும் பொட்டு வைத்து நிறுத்தி, ரசமட்டம் பிடியுங்கள்.

4. குறுக்குப் பட்டையைச் சேருங்கள். 71 செ.மீ பட்டை சக்கரப் பக்கம், 81 செ.மீ பட்டை ஏதாவது ஒரு நீளப் பக்கம். குறுக்குப் பட்டை இல்லாத சட்டம் நாளடைவில் சாய்ந்துவிடும்.

5. இப்போது முழுதாக ஓட்டலாம். ஒரே பக்கமாகப் போகாமல் எதிரெதிர் மூலையாக மாறி மாறி ஓட்டுங்கள். சூடு ஒரே பக்கம் ஏறினால் இரும்பு அந்தப் பக்கமாக இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கசடைத் தட்டி, பிரஷ் போட்டபின் அடுத்தது.

6. அச்சு, பின் விளிம்பிலிருந்து 10 செ.மீ உள்ளே வர வேண்டும். கால்கள் முன் விளிம்பில். பேரிங்கைக் கழற்றிவிட்டுத்தான் அச்சைப் பற்றவைக்க வேண்டும். மின்சாரம் பேரிங் வழியாகப் போனால் அதன் குண்டுகள் கெட்டுவிடும்.

7. கைப்பிடி நுனியைத் தகடு வைத்து மூடுங்கள். திறந்து விட்டால் குளவி கூடு கட்டும், மழைநீர் இறங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கடைசியாக ரெட் ஆக்சைடு ஒரு கை, பெயிண்ட் இரண்டு கை.

எது எங்கே?

மிஷின் அடித்தட்டில், பட்டைகளின் மேல். கனமானது கீழே இருந்தால் வண்டி கவிழாது, பட்டை இடைவெளியில் காற்றும் போகும். மிஷின் விசிறிக்குப் பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். கிரைண்டர் வேலையை மிஷினுக்கு எதிராகச் செய்யாதீர்கள். இரும்புத் தூள் உள்ளே போனால் போர்டு போய்விடும். வேலை முடிந்ததும் சாக்குப் போட்டு மூடி வையுங்கள்.

ராடு வைக்க, சொட்டுநீர் போட்டு மிஞ்சிய 3 அங்குல பிவிசி பைப்பில் 50 செ.மீ வெட்டி, ஒரு பக்கம் மூடி ஒட்டி, மறுபக்கம் கழற்றும் மூடி போட்டுத் தூணோடு கட்டிவிடுங்கள். ராட்டின் மேல்பூச்சு ஈரம் இழுத்தால் பற்றாது, வெடித்துத் தெறிக்கும்.

கேபிளுக்கு இரண்டு கொக்கி. முகக் கவசத்துக்கும் தோல் கையுறைக்கும் தனித்தனிக் கொக்கி, கைக்கு எட்டும் உயரத்தில். ஒரு மணல் வாளிக்குப் பெரிய கொக்கி. இந்த நான்கையும் வண்டியை விட்டுக் கழற்றி வேறெங்கும் வைக்கக் கூடாது என்பது வீட்டில் சட்டமாக இருக்கட்டும்.

மின்சாரம்

12-ஆம் நம்பர் ராடு ஓட்டும்போது மிஷின் வீட்டு லைனில் 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக் இதைத் தாங்காது. தனி லைன், எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த் நான்கும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மி.மீ தாமிரமாக இருக்கட்டும். 30 மீட்டர் தூரத்துக்கு 15 ஆம்பியர் போனால் இதில் 7 வோல்ட் அளவுக்குத்தான் இறங்கும். 1 சதுர மி.மீ வயரில் 16 வோல்ட் இறங்கும், வயரும் கொதிக்கும். சுருளை முழுதாக அவிழ்த்துப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

விவசாயத்துக்கு வந்திருக்கும் இலவச மின் இணைப்பு தண்ணீர் இறைக்கக் கொடுத்தது. அதில் வெல்டிங் மிஷினைச் சொருகாதீர்கள். எந்த இணைப்பில் ஓட்டலாம் என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

மழை பெய்த ஈர மண்ணில் நின்று பற்றவைக்கவே கூடாது. காய்ந்த தரையானாலும் காலுக்கு அடியில் ஒரு காய்ந்த பலகை போட்டுக்கொள்ளுங்கள். எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இரும்பிலேயே, மூட்டுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

நெருப்பும் கண்ணும்

நம் பண்ணையில் எங்கு பார்த்தாலும் எரியக்கூடிய பொருள்தான்: வைக்கோல் போர், கீற்றுக் கொட்டகை, மூடாக்கு, தென்னை நார். பொறி 35 அடி வரை போகும் என்று வைத்துக்கொண்டு இடம் தேர்ந்தெடுங்கள். முடித்த பிறகும் அரை மணி நேரம் அந்த இடத்தில் ஆள் இருக்க வேண்டும். நார்க்குவியலில் விழுந்த பொறி உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்து, நாம் சாப்பிடப் போனபின் பிடிக்கும்.

கவசக் கண்ணாடி 10 அல்லது 11-ஆம் நம்பர். வெறும் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, நடுராத்திரியில், கண்ணில் மணலைக் கொட்டியது போல அறுக்கும். குழந்தைகளுக்கும் மாடுகளுக்கும் வெளிச்சம் படாமல் ஒரு தகரமோ படுதாவோ மறைப்பாக வையுங்கள். உடுப்பு பருத்தியாகவே இருக்கட்டும். பாலியெஸ்டர் லுங்கியில் பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

எதைச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது?

கோனோ வீடர் பல், மண்வெட்டிப் பூண், கேட் கீல், தீவனத் தொட்டிச் சட்டம், கோழிக் கூண்டு, வரிசை போடும் மார்க்கர், இதெல்லாம் தாராளமாகச் செய்யலாம். கைக்கருவியை அவரவர் உயரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது பெரிய லாபம். கடையில் வாங்கும் வீடரின் கைப்பிடி, குள்ளமானவருக்கு நெஞ்சுக்கு வருகிறதென்றால் வெட்டி இறக்கிக் கொடுங்கள். களை எடுக்கிறவர் முதுகு வாழ்த்தும்.

தொடக் கூடாதவையும் உண்டு. டீசல், பெட்ரோல், எண்ணெய் இருந்த டிரம் எத்தனை முறை கழுவியிருந்தாலும் வேண்டாம். உள்ளே தங்கிய ஆவி போதும், வெடித்து ஆளைக் கொல்லும். பூச்சிமருந்து இருந்த டின்னும் அப்படியே, அதன் புகையே நஞ்சு. டிராக்டர், டிரெய்லர் கொக்கி, கிணற்றுக் கப்பி, ஆளேறும் ஏணி, இவை கைதேர்ந்தவர் வேலை. நம் மூட்டு விட்டுப்போனால் உயிர் போகும் இடம் எதுவோ, அதைப் பட்டறைக்கே கொண்டுபோங்கள்.

வருடத்தில் பத்திருபது நாளுக்கு மேல் ஒரு பண்ணைக்கு இந்த மிஷின் தேவைப்படாது. மீதி நாள் சும்மா கிடக்கும் சொத்துக்கு ஒருவரே முதல் போடுவது நல்ல கணக்கில்லை. பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கலாம். ஒரு நோட்டில் யார், எந்தத் தேதி, எத்தனை ராடு என்று எழுதி வையுங்கள். வண்டி போகும்போது கவசம், கையுறை, மணல் வாளி மூன்றும் அதோடு போக வேண்டும், அதோடு திரும்ப வேண்டும். அடுத்த நடவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. முதலில் சக்கரத்தைத் தேடுங்கள்.