நியூட்ரினோ உணர்கருவிகளுக்கு விண்கதிர்ச் சோதனை

ஒரு கருவி பல்லாண்டுகள் விழித்திருந்தும் தேடிய பொருளைக் காணவில்லை எனில், இரண்டில் ஒன்றே காரணமாகலாம்: பொருள் மிக அரிதானது, அல்லது கருவி செவிடானது. மிகையாற்றல் கொண்ட நியூட்ரினோக்களை ரேடியோ அலைகளால் கண்டறிய முற்பட்டோர் எதிர்ப்பட்ட இடர்ப்பாடு இதுவே. இம்முறையில் ஐயத்திற்கிடமற்ற நியூட்ரினோ ஒன்றேனும் இன்றுவரை அகப்படவில்லை. பின் கருவியை எதைக்கொண்டு சோதிப்பது?

நியூட்ரினோ மின்னேற்றம் அற்றது; பிற பொருளுடன் மோதுவதும் மிக அரிது. கோலார் தங்கச் சுரங்கத்தில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளுடன் கூடி, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் விளைவை 1965-இல் கண்டனர். விண்கதிர்களால் உண்டாகும் மியூவான்களைப் பாறையால் தடுப்பதற்காகவே அத்தனை ஆழம் தேவைப்பட்டது. அங்கே இடையூறாயிருந்த விண்கதிரே இங்கே உரைகல்லாகிறது.

ரேடியோ முறையின் அடிப்படையை சோவியத் விஞ்ஞானி அஸ்கார்யன் 1962-இல் எடுத்துரைத்தார். நியூட்ரினோ பனிக்கட்டியில் மோதினால் துகள்களின் பொழிவு ஒன்று தோன்றும். அப்பொழிவு வழியிலுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைச் சேர்த்துக்கொள்கிறது, பாசிட்ரான்களோ அழிகின்றன. ஆகவே எஞ்சும் எதிர்மின்னேற்றம், பனிக்கட்டியில் ரேடியோ அலை செல்லும் வேகத்தினும் விரைந்து பாய்ந்து, ஒரு கணநேர ரேடியோத் துடிப்பை எழுப்புகிறது. குளிர்ந்த தூய பனிக்கட்டியில் அத்துடிப்பு நூற்றுக்கணக்கான மீட்டர் செல்லும். அண்டார்க்டிகாவை நாடியது இதனாலேயே.

விண்கதிர் காற்றில் மோதும்போதும் இதையொத்த துடிப்பு எழுகிறது. ஆனால் அதன் முதன்மைக் காரணம் பூமியின் காந்தப் புலம். அப்புலம் எலக்ட்ரான்களை ஒரு பக்கமும் பாசிட்ரான்களை மறுபக்கமும் விலக்குகிறது. சோதனையின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. கொச்சியில், மட்டாஞ்சேரிப் பள்ளி ஒன்றில், மேலும் கீழும் அசையுமாறு ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டால் அது ஏறக்குறைய கிடையாகவே நிற்கும். காந்த நடுக்கோடு அண்மையில் இருப்பதே காரணம். ஆகவே அவ்வூரின் மேல் நேர்குத்தாக இறங்கும் பொழிவில் துகள்கள் கிழக்கு மேற்காகப் பிரியும். அலையின் மின்புலமும் கிழக்கு மேற்காகவே அதிரும். அண்டார்க்டிகாவிலோ ஊசி ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கும். அங்கே சாய்ந்து வரும் பொழிவின் மின்புலம் கிடையாக அதிரவேண்டும். அதிர்வின் திசையை முன்கூட்டியே கணித்துவிடலாம் என்பதால், ஏரியல் கூறும் விடை சரியா என்பதை ஐயமின்றி ஒப்பிடலாம். காற்றில் செல்லும் அலை ஒரு நானோசெகண்டில் 30 செ.மீ. கடப்பதால், ஏரியல்களிடையே காணும் காலவேறுபாட்டிலிருந்து துடிப்பு வந்த திசையும் கிடைக்கிறது.

அனிட்டா என்னும் பலூன் கருவி 2006-07-இல் அண்டார்க்டிகாவின் மேல் பறந்தபோது இதுவே நிகழ்ந்தது. தேடியதோ, பெரும்பாலும் செங்குத்தாக அதிரும் நியூட்ரினோத் துடிப்புகளை. கிடைத்தவையோ, கிடையாக அதிர்ந்த 16 விண்கதிர்த் துடிப்புகள். அவற்றுள் 14 பனிப்பரப்பில் பட்டு எதிரொளித்து வந்தவை. 2 நேரே வந்தவை. எதிரொளிப்பில் அலை தலைகீழாகும் என்பது ஆசிரியர்கள் அறிந்ததே. அவ்வேறுபாட்டையும் கருவி பிழையின்றிக் காட்டியது. நியூட்ரினோ கிட்டாவிடினும் கருவி செவிடன்று என்பது தெளிவாயிற்று.

எனினும் இச்சோதனைக்கு எல்லை உண்டு. பனிக்கட்டியில் பொழிவு சில மீட்டர்களில் வளர்ந்து முடியும். காற்றில் பல கிலோமீட்டர் நீளும். ஆதலின் விண்கதிர், ஏரியலையும் கடிகாரத்தையும் மின்சுற்றுகளையும் சோதிக்குமேயன்றி, பனிக்குள் அலை எழும் முறையைச் சோதிக்காது. அதற்கு ஸ்டான்ஃபோர்டு முடுக்கியில் முதலில் ஃபோட்டான் கற்றையை மணலிலும், 2006-இல் எலக்ட்ரான் கற்றையைப் பனிக்கட்டியிலும் செலுத்திப் பார்க்கவேண்டியதாயிற்று.

கிரீன்லாந்தில் 2021 முதல் நிறுவப்பட்டுவரும் நிலையங்களில், 100 மீட்டர் ஆழம்வரை இறக்கப்பட்ட ஏரியல்களோடு, பனிப்பரப்பை ஒட்டி மேல்நோக்கிய ஏரியல்களும் வைக்கப்படுகின்றன. அவை விண்கதிர்களைச் சோதனைக்காகப் பதிவு செய்கின்றன. அதோடு, பனிக்குள் புகுந்து நியூட்ரினோ போலத் தோற்றமளிக்கக்கூடிய விண்கதிர்த் துகள்களை அடையாளங்கண்டு கணக்கிலிருந்து நீக்கவும் உதவுகின்றன.