பிரதமரின் சுடோக்கு நிரலும் உங்கள் மேக் கணினியும்

சிராங்கூன் ரோடு பக்கம் சனிக்கிழமை சாயங்காலம் நடக்கும் நம் பாட வகுப்பில் சி மொழி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவரிடம் விண்டோஸ், இன்னொருவரிடம் மேக், பழைய மடிக்கணினி வைத்திருக்கும் இரண்டு பேரிடம் லினக்ஸ். "அண்ணே, அவன் அனுப்பினது என்னோடதுல ஓட மாட்டேங்குது, எனக்கு சி வராது போல" என்று யாராவது சொல்லாத வாரமே இல்லை. அது சி வராததால் அல்ல.

இதற்கு நம்ம ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கு. 2015 மே மாதம் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், தாம் முன்பு எழுதிய சுடோக்கு விடை காணும் நிரலை ஃபேஸ்புக்கில் எல்லாருக்கும் கொடுத்தார். சி++ மொழியில் எழுதியது. சி-யிலிருந்து வளர்ந்த மொழிதான், கம்பைல் செய்யும் கதையும் ஒன்றுதான். கட்டங்களை வரி வரியாகத் தட்டினால் விடை வரும். மூல நிரல், எக்ஸி கோப்பு இரண்டையும் கொடுத்தார்.

எக்ஸி விண்டோஸுக்கு மட்டும். சில்லு ஒன்றாக இருந்தாலும் அது மேக்கில் நேரடியாக ஓடாது. கம்பைலர் நிரலை எந்திர மொழியாக மாற்றுவதோடு நிற்பதில்லை. அந்த இயங்குதளம் எதிர்பார்க்கும் வடிவத்தில் கட்டியும் வைக்கிறது. திரையில் ஓர் எழுத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கும் முறைகூட ஒவ்வொன்றிலும் வேறு. அதனால் மற்றவர்கள் மூல நிரலை எடுத்துத் தங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யணும்.

உபுண்டு லினக்ஸில் 'பில்ட்-எசென்ஷியல்' நிறுவினால் ஜிசிசி வந்துவிடும். மேக்கில் டெர்மினலைத் திறந்து 'எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால்'. அதன்பின் நீங்கள் ஜிசிசி என்று தட்டினாலும் உள்ளே வேலை செய்வது கிளாங், பயப்பட வேண்டாம். விண்டோஸில் மின்ஜிடபிள்யூ, இல்லையென்றால் டபிள்யூஎஸ்எல் போட்டு உள்ளேயே லினக்ஸ். கட்டளை எங்கும் ஒன்றுதான்: 'ஜிசிசி கணக்கு.சி -ஓ கணக்கு' (ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்). ஓட்டும்போது லினக்ஸிலும் மேக்கிலும் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு. நீங்கள் இருக்கும் ஃபோல்டரில் அவை தாமாகத் தேடாது.

தமிழ்நாட்டு அண்ணன் அக்கா கொடுத்த டர்போ சி நோட்ஸ் சிலரிடம் இருக்கு. அதில் வரும் 'கோனியோ.எச்' டாஸ் காலத்துச் சரக்கு. லினக்ஸிலும் மேக்கிலும் கிடையாது, தூக்கிடுங்க.

அதாவது பிழைச் செய்தி காட்டும். 'லாங்' காட்டாது. 64-பிட் விண்டோஸில் லாங் 4 பைட், லினக்ஸிலும் மேக்கிலும் 8 பைட். 4 பைட்டில் 214 கோடிக்குச் சற்று மேல்வரைதான் அடங்கும். லினக்ஸில் 300 கோடியைச் சரியாகக் காட்டிய நிரல் விண்டோஸில் சத்தமில்லாமல் தப்பான எண்ணைக் காட்டலாம். திருத்துபவர் கணினியில் தப்பாக வந்தால், "என் வீட்டுல சரியா ஓடிச்சே" என்பதற்கு மதிப்பெண் கிடையாது. பெரிய எண்ணுக்கு 'ஸ்டிட்இன்ட்.எச்' சேர்த்து 'இன்ட்64_டி' என்று எழுதுங்கள்.

அடுத்த சனிக்கிழமை எக்ஸி வேண்டாம், .சி கோப்பைக் கொண்டு வாங்க. பக்கத்தில் உட்காருபவரின் கணினியில் '-வால்' சேர்த்து கம்பைல் செய்து பார்ப்போம்.