பிரயோக சமூகக் கற்கையும் மனித சேவைத் தொழில்களும்

1. அறிமுகம்

சமூகம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை விளக்குவது சமூகவியல். அவ்விளக்கத்தைக் கொண்டு மனிதரின் இடர்களைக் குறைக்க முயல்வது பிரயோக சமூகக் கற்கை எனப்படும். வறுமை ஏன் தோன்றுகின்றது என்று முன்னையது கேட்கும். வறுமையால் பாடசாலையை விட்டு விலகிய பிள்ளையை மீண்டும் வகுப்பறைக்குக் கொண்டுவருவது எவ்வாறு என்று பின்னையது கேட்கும்.

2. துறையின் வளர்ச்சி

• 1889: ஜேன் அடம்ஸ் சிக்காகோ நகரில் ஹல் ஹவுஸ் என்னும் குடியேற்ற இல்லத்தை ஆரம்பித்தார்.
• 1917: மேரி றிச்மண்ட் எழுதிய நூல் தனியாள் ஆய்வை ஒழுங்கான முறையாக வகுத்தது.
• 1936: இந்தியாவின் முதலாவது சமூகப்பணிப் பாடசாலை பம்பாயில் தோன்றியது.
• 1952: கொழும்பில் சமூகப்பணி நிறுவகம் தொடங்கியது. அதே ஆண்டில் சென்னையிலும் சமூகப்பணிப் பாடசாலை உருவானது.
• 1992: இலங்கையில் 41ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் அமைக்கப்பட்டது. 2005இல் அங்கு சமூகப்பணி இளமாணிப் பட்டநெறி ஆரம்பமானது.

3. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதன் தேவை

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்குக் கரையைத் தாக்கியது. 2009இல் யுத்தம் முடிவுற்றபோது வன்னியிலிருந்து பல குடும்பங்கள் உறவினரை இழந்த நிலையில் குடாநாட்டுக்கு வந்தன. இக்காலங்களில் உணவும் உடையும் உடனடித் தேவைகளாக இருந்தன. ஆனால் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள், அவயவம் இழந்தோர், காணாமற் போனோரின் உறவினர், தனித்துவிட்ட முதியோர் ஆகியோரின் பிரச்சினைகள் நிவாரணப் பொதியோடு தீர்வதில்லை. அவர்களுக்குத் தொடர்ச்சியான, பயிற்சி பெற்ற துணை தேவை. நிவாரணத்துக்கும் சமூகப்பணிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

4. சமூகப்பணியின் அடிப்படை முறைகள்

(அ) தனியாள் பணி: ஒருவருடன் அல்லது ஒரு குடும்பத்துடன் பணியாற்றுதல்.
(ஆ) குழுப் பணி: ஒத்த பிரச்சினையுடையோரை ஒன்று சேர்த்தல்.
(இ) சமுதாய ஒழுங்கமைப்பு: மாதர் சங்கம், சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம் போன்றவற்றின் மூலம் ஊரின் வளங்களைத் திரட்டுதல்.

5. சம்பவக் கற்கை (பயிற்சிக்கான கற்பனைச் சம்பவம்)

தந்தையை இழந்த 13 வயதுச் சிறுமி மூன்று வாரங்களாகப் பாடசாலைக்கு வரவில்லை. "பிள்ளையை ஓர் இல்லத்தில் சேர்த்துவிடுங்கள்" என்று உறவினர் கூறுகின்றனர்.

உத்தியோகத்தர் முதலில் வீட்டுக்குச் சென்று தாயுடனும் சிறுமியுடனும் தனித்தனியே பேச வேண்டும். தாய் விடியற்காலையில் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குச் செல்வதும், மூன்று வயதுத் தம்பியைச் சிறுமியே பராமரிப்பதும் அப்போது தெரியவருகின்றன. ஆகவே பிரச்சினை படிப்பில் விருப்பமின்மையன்று. தம்பியைப் பார்க்க ஆளில்லாமையே. தம்பிக்கு முன்பள்ளியில் இடம் பெறுதல், காலையில் அம்மம்மாவின் உதவியை ஒழுங்குசெய்தல், தவறிய பாடங்களுக்கு வகுப்பாசிரியரின் துணையைப் பெறுதல், அக்குடும்பத்துக்கு உரித்தான கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தல் ஆகியன பொருத்தமான தலையீடுகள். பின்னர் சிறுமி தொடர்ந்து பாடசாலைக்குச் செல்கின்றாளா என்பதையும் கவனிக்க வேண்டும்.

வறுமை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்தல் தகாது. இல்லம் இறுதி வழியாகும். மேலும், வீட்டில் கேட்டறிந்த விடயங்களை ஊரில் பேசுதல் கூடாது. அயலவர் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்த கிராமத்தில் இரகசியம் பேணத் தவறினால், அடுத்த தடவை கதவு திறக்காது. எனினும் சிறுவர் துஷ்பிரயோகம் தெரியவந்தால் மறைத்தல் தவறு. 1929 என்னும் இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

6. தொழில் வாய்ப்புகள்

சமூக சேவை உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணையாளர், வைத்தியசாலை உளநலப் பிரிவின் சமூகப்பணியாளர் முதலியன. ஒவ்வொரு பதவிக்குமான தகைமையை வர்த்தமானி அறிவித்தலில் பார்த்து உறுதிசெய்க. இரக்கம் இத்தொழிலுக்கு வேண்டும். ஆயினும் பொறுமையாகக் கேட்டல், அறிக்கை எழுதுதல், சட்டம் அறிதல் ஆகியனவும் வேண்டும். சிங்களமும் ஆங்கிலமும் கற்றுவைத்தல் பெரிதும் உதவும்.

7. பரீட்சைக் குறிப்பு

சம்பவ வினாவுக்கு "பண உதவி வழங்கலாம்" என்று மட்டும் எழுதுவது முழுமையான விடையாகாது. காரணத்தை இனங்கண்டு, முறையைக் குறிப்பிட்டு, தலையீட்டையும் பின்தொடரலையும் வரிசையாக எழுதுக.

பயிற்சி வினாக்கள்

1. சமூகவியலுக்கும் பிரயோக சமூகக் கற்கைக்கும் உள்ள வேறுபாட்டை உதாரணத்துடன் விளக்குக.
2. நிவாரணம், சமூகப்பணி என்பவற்றை 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வைக் கொண்டு ஒப்பிடுக.
3. மேற்படி சம்பவத்தில் தாய் உத்தியோகத்தருடன் பேச மறுத்தால் நீர் எடுக்கும் முதல் மூன்று நடவடிக்கைகளைக் காரணத்துடன் எழுதுக.