ஸ்பீக்கர் பெட்டி ஊமையானால்: ஒயரைச் சோதிக்கும் முறை



ஆடித் தள்ளுபடி, தீபாவளி விற்பனை, சங்க ஆண்டு விழா எதுவானாலும் மைக் செட் இல்லாமல் நமக்கு ஆவதில்லை. கூட்டம் நிறைந்த நேரத்தில் பெட்டி ஊமையாகிவிட்டால் உடனே ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடுகிறோம். பல சமயம் குற்றம் நடுவில் உள்ள ஒயரில்தான் இருக்கும்.

நம் தாராபுரம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஊரறிந்தது. ஆனி, ஆடியில் கடை முகப்பில் கட்டிய ஒயர் ஆடி ஆடி, இணைப்பு உள்ள இடத்தில் உள்ளே அறுந்துவிடும். மேல் உறை நன்றாகவே தெரியும்.

கணக்கு டேலி ஆகாவிட்டால் பக்கம் பக்கமாகச் சரிபார்க்கிறோம் அல்லவா? இங்கும் அதே முறைதான்.

1. கண்ணால் பார்ப்பது: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் பின்புறமும் பெட்டியின் பின்புறமும் பாருங்கள். ஒரே ஒரு செம்பு இழை வெளியே நீண்டு அடுத்த முனையைத் தொட்டாலும் ஷார்ட்தான். ஆம்ப்ளிஃபயரின் டிரான்சிஸ்டர்கள் எரிய அது போதும்.

2. ஒயர்: இரு பக்கமும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். இரு கம்பிகளுக்கும் இடையே முள் அசையக்கூடாது, அசைந்தால் ஷார்ட். பிறகு மறுமுனையில் இரண்டையும் முறுக்கிச் சேர்த்தால் ஏறத்தாழ பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. ஒயரை அங்கங்கே ஆட்டிப் பார்த்தால் இடம் தெரியும்.

3. பெட்டி: 8 ஓம் பெட்டி மீட்டரில் சுமார் 6 ஓம் காட்டும். அது கோளாறல்ல. மீட்டர் இல்லையா? ஒரு பென்சில் பேட்டரியைக் கணநேரம் தொட்டு எடுங்கள். 'டக்' என்று கேட்டால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது.

4. ஆம்ப்ளிஃபயர்: ஒயரும் பெட்டியும் சரி என்று தெரிந்த பிறகே அவற்றை ஆம்ப்ளிஃபயரின் மறுபக்க இணைப்பில் மாட்டிப் பாருங்கள். அங்கே பாடினால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். ஷார்ட் உள்ள ஒயரை நல்ல பக்கத்தில் மாட்டினால் அதுவும் போய்விடும். ஆகவே வரிசையை மாற்ற வேண்டாம்.

சத்தம் வந்தும் கனமில்லாமல் இருந்தால், ஒரு பெட்டியில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கக் கூடும்.

ஓம் கணக்கு

இரண்டு 8 ஓம் பெட்டிகளை இணையாகக் கட்டினால் 4 ஓம். நான்கு கட்டினால் 2 ஓம். ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் என்று போட்டிருந்தால் அதற்குக் கீழே போகக்கூடாது.

குழாய் ஸ்பீக்கர்களுக்கான 100 வோல்ட் லைன் வேறு. அதில் ஓம் பார்ப்பதில்லை, வாட்டைக் கூட்டுகிறோம். 60 வாட் ஆம்ப்ளிஃபயருக்கு 15 வாட் குழாய் நான்குதான். சாதாரண 8 ஓம் பெட்டியை அந்த லைனில் மாட்டினால் அது 1250 வாட் கேட்கும்; பெட்டியோ ஆம்ப்ளிஃபயரோ, ஒன்று போகும். அந்த ஒயரைத் தொட்டால் ஷாக்கும் அடிக்கும்.

மலிவு ஒயரின் நஷ்டம்

30 மீட்டர் தூரத்துக்கு 0.75 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்டால், போக வர 60 மீட்டருக்குச் சுமார் 1.4 ஓம் தடை. 4 ஓம் பெட்டியானால் சக்தியில் நான்கில் ஒரு பங்கு ஒயரிலேயே சூடாக வீணாகிறது. 1.5 சதுர மி.மீ. போட்டால் தடை பாதியாகும்.

முக்கிய எச்சரிக்கை: ஸ்பீக்கர் ஒயருக்குக் கரண்ட் பிளக்கைப் போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. யாராவது அதைச் சுவர் பிளக்கில் சொருகினால் பெட்டி எரியும்; உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும்; இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாகத் தடை. இதையும் மனதில் கொள்வோம்.

கடையில் நம்மோடு உழைக்கும் பையன்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். அவசர நேரத்தில் ஒயரைத் தொடப்போவது அவர்கள்தான்.