கற்பூரவள்ளி: இலையின் பயனும் பாதுகாப்பும்

கிணற்றடியிலும் வேலியோரத்திலும் கேட்பாரற்று வளரும் கற்பூரவள்ளி, கமக்காரர் இல்லங்களில் இருமலுக்கும் சளிக்கும் முதலில் நாடப்படும் மூலிகையாகும். ஓமத்தின் மணம் வீசுவதால் ஓமவல்லி எனவும் கூறுவர். சிங்களத்தில் கப்பறவல்லிய என வழங்கும். மேல்நாட்டுச் சமையலில் பயன்படும் ஒரிகானோ இதனின் வேறான செடி. மத்தியதரைக் கடற் பிரதேசத்துக்கு உரியது. ஆயினும் இரண்டும் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டின் மணத்துக்கும் கார்வக்ரோல், தைமோல் என்னும் எண்ணெய்ப் பொருள்களே பெரிதும் காரணம். கற்பூரவள்ளிக்குக் கியூபா ஒரிகானோ என்றொரு பெயரும் உண்டு. இதனால் ஒன்றைப்பற்றிச் சொல்லப்படுவதை மற்றொன்றுக்கும் பொருத்திப் பேசுவோர் உளர்.

இரண்டு மூன்று இலைகளை அனலில் வாட்டிப் பிழிந்த சாற்றையோ, கொதிநீரிலிட்ட கசாயத்தையோ அருந்துவது நம்மவர் வழக்கம். வளர்ந்தோருக்குச் சாதாரண தடிமனில் இது இதமளிக்கும். தீங்கு பெரும்பாலும் இல்லை. மேற்கூறிய இரு பொருள்களும் ஆய்வுகூடக் கண்ணாடிக் குழாயில் நுண்ணுயிர்களைக் கொல்வது உண்மை. எனினும் உண்ட இலை உடலினுள்ளும் அவ்வாறே நோயைத் தீர்க்கும் என்பதற்குப் போதிய சான்று கிடையாது. 2021ஆம் ஆண்டில், கற்பூரவள்ளிச் சத்தும் வல்லாரைச் சத்தும் சேர்த்த பூச்சுமருந்தொன்று நீரிழிவுக் காற்புண்ணை ஆற்றுவதில் நற்பயன் தந்ததாக ஆய்வு முடிவு வெளிவந்தது. அது அளவறிந்து சுத்தமாகத் தயாரிக்கப்பட்ட மருந்து. இதைக் கேள்வியுற்று, சேற்றிற் பட்ட காற்புண்ணில் பச்சை இலையை அரைத்து வைத்துக் கட்டுதல் கூடாது.

இலை வேறு, எண்ணெய் வேறு. கடைகளில் விற்கப்படும் ஒரிகானோ எண்ணெயும் அதை அடைத்த குளிகைகளும் பெருந்தொகை இலையின் சத்தைச் சில துளிகளில் அடக்கியவை. கலப்பில்லாத எண்ணெய் வாயையும் தோலையும் எரிக்கும். கருவுற்ற தாய்மார் இவற்றைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டோரும் வைத்தியரிடம் கேளாமல் இவற்றைத் தொடுதல் ஆகாது. துளசி, புதினா போன்றவை ஒவ்வாதோருக்கு இலையும் ஒவ்வாதிருக்கலாம்.

இனி, கமக்காரர் மாத்திரமே கவனிக்கக்கூடிய ஒன்று உண்டு. இச்செடி பெரும்பாலும் எங்கே நிற்கிறது? தண்ணீர் தானே கிடைக்குமென்று கிணற்றடி வாய்க்காலிலும், மிளகாய், கத்தரிப் பாத்திகளின் வரம்பிலும் நிற்கிறது. பூச்சிநாசினி தெளிக்கும்போது காற்றில் வரும் துளி அங்கேதான் படிகிறது. தெளிகருவி கழுவிய நீரும் அங்கேதான் ஓடுகிறது. இலை தடித்தது, மயிர் நிறைந்தது. ஆகையாற் படிந்த நஞ்சு எளிதில் நீங்குவதில்லை. பயிரின் சாற்றோடு கலந்து உள்ளே பரவும் வகை மருந்தாயின் எத்தனை முறை கழுவினும் பயனில்லை. மருந்துப் போத்தலின் சீட்டில், தெளித்தபின் அறுவடைக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டுமெனக் குறித்திருப்பர். அது அச்சீட்டிற் கூறிய பயிருக்கே உரியது. கற்பூரவள்ளிக்கு அக்கணக்குப் பொருந்தாது. மிளகாயைப் பதினான்கு நாள் பொறுத்துப் பறிக்கும் அதே கை, நேற்றுத் தெளித்த பாத்தியோரத்து இலையைக் குழந்தைக்குப் பிழிந்து கொடுப்பது எவ்வளவு முரண்!

ஆகவே வரம்பிலுள்ள செடியை மருந்துக்குப் பறியாதீர்கள். அதிலிருந்து தண்டு வெட்டி நடுவதையும் தவிர்த்து, மருந்து தெளிக்காத வீட்டிலிருந்து நாலைந்து அங்குல நீளத் தண்டுகளைப் பெற்றுக்கொள்ளுங்கள். அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணிட்ட சட்டியில் நட்டு, குசினி வாசலில் அரைநிழலில் வைத்தால் விரைவில் வேர்கொள்ளும். நீர் தேங்கினால் தண்டு அழுகும். இதற்குமேல் இச்செடிக்குப் பராமரிப்பு வேண்டியதில்லை.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குச் சாற்றுடன் தேன் கலந்து கொடுத்தல் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் அவ்வயதில் உயிராபத்தை விளைவிக்கும். இருமும் குழந்தையின் மூச்சை, அது அமைதியாயிருக்கும்போது, ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இவ்வெண்ணையோ அதற்கு மேலோ கண்டால், அல்லது மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உட்குழிந்தால், கசாயம் காய்ச்சி நேரம் போக்காது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

வயலில் இறங்குவோருக்கு வரும் காய்ச்சலும் அவ்வாறே. எலிக்காய்ச்சல் 2008இல் இந்நாட்டிற் பெருமளவிற் பரவிப் பல உயிர்களைக் கொண்டது. கடுங்காய்ச்சலுடன் தசைநோவும் கண் சிவத்தலும் காணின் கற்பூரவள்ளிக்கு அங்கு வேலையில்லை. உரிய மருந்தைத் தொடக்கத்திலேயே பெற்றால் குணமாகும் நோய் அது. தாமதித்தால் சிறுநீரகத்தைத் தாக்கும். விதைப்புக் காலத்துக்கு முன்னரே அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு தடுப்புக் குளிகை பற்றி விசாரித்துக்கொள்ளலாம். காய்ச்சலோடு வைத்தியரிடம் செல்வோர், அண்மையில் வயலில் இறங்கியதையும் வீட்டில் அருந்திய சாறு, கசாயம் யாவற்றையும் கேளாமலே எடுத்துக் கூறுதல் வேண்டும்.