நெருப்பு உறைந்த மலை

நுழையும்முன்

ஒரு நிலத்தின் வரலாறு அரசர்களோடு தொடங்குவதில்லை. மனிதர் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே அது பாறைகளில் பதிந்துள்ளது. தமிழகத்தின் வடமேற்கு எல்லையிலுள்ள கிருஷ்ணகிரி மலையுச்சி, அவ்வரலாற்றைக் கற்பதற்கு ஏற்ற இடமாகும்.

உச்சியின் காட்சி

கிருஷ்ணகிரி நகரையொட்டிச் செங்குத்தாக எழும் பாறைக்குன்றைச் சையத் பாஷா மலை என்றும் வழங்குவர். அதன்மீது கோட்டை ஒன்று உள்ளது. 1791ஆம் ஆண்டு நவம்பரில் ஆங்கிலப்படை ஊரையும் கீழ்க்கோட்டையையும் கைப்பற்றியது. ஆயினும் மேல்கோட்டையைப் பிடிக்க இயலாமல் திரும்பியது. பீரங்கிக்கும் வளையாத அரணாக நின்றது இந்தப் பாறையே.

இன்று உச்சியில் நிற்போர், சென்னை, பெங்களூரு, சேலம் ஆகிய நகரங்களுக்குச் செல்லும் நெடுஞ்சாலைகள் கீழே கூடுவதைக் காணலாம். ஓசூர்த் தொழிற்பேட்டையின் சரக்குந்துகள் அவற்றில் ஓயாது ஓடுகின்றன. சுற்றிலும் மொட்டைக்குன்றுகள் தனித்தனியே எழுந்து நிற்கின்றன.

எரிமலையா?

இக்குன்றுகள் அவிந்த எரிமலைகளோ எனக் காண்போர் ஐயுறுவது இயல்பு. எரிமலை உமிழும் குழம்பு விரைவில் குளிர்வதால், அதில் பெரிய படிகங்கள் வளர்வதில்லை. இப்பகுதியின் கிரானைட்டிலும் நைஸ் பாறையிலுமோ படிகங்கள் கண்ணுக்கு நன்கு புலப்படுகின்றன. அவை புவியின் ஆழத்தில், பேரழுத்தத்திலும் பெருவெப்பத்திலும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்குமுன் உருவானவை. மேலே மூடியிருந்த பல கிலோமீட்டர் தடிமனான பாறையை மழையும் வெயிலும் காற்றும் அரித்து அகற்றின. எனவே, இவை எரிமலைகள் அல்ல. உச்சியில் நிற்பவர், உண்மையில் பண்டைய நிலத்தின் அடியாழத்தில் நிற்கிறார்.

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி நோக்கிச் செல்லச் செல்ல, மேலும் ஆழத்தில் உருவான பாறைகள் வெளிப்படுகின்றன. புவியோட்டின் குறுக்குவெட்டைச் சாலைவழியே காணும் வாய்ப்பு அரியது.

எரிமலையின் உண்மைச் சுவடு வடக்கே, கருநாடக எல்லைக்கு அப்பால் உள்ளது. கோலார்ப் பாறைப் பட்டையில், ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்குமுன் நீருக்கடியில் வழிந்த குழம்பு, தலையணைகளை அடுக்கியதுபோல் உறைந்தது. கோலாரின் பொன்னும் இப்பட்டையிலேயே கிடைத்தது. பொன் தீரவில்லை எனினும் வெட்டியெடுக்கும் செலவு மிகுந்ததால், சுரங்கம் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது.

வெட்டுண்ணும் வரலாறு

கிருஷ்ணகிரியின் வரியோடிய கற்கள், ‘பாரடைசோ’ என்னும் வணிகப்பெயரால் உலகெங்கும் தரைகளையும் சமையல் மேடைகளையும் அணிசெய்கின்றன. விலை பெறும் அவ்வரிகளே, பாறை இளகி மீண்டும் உறைந்ததற்கான ஆவணம். கல்வெட்டும் தொழில் பலருக்குச் சோறிடுகிறது. அதனை மறுக்க இயலாது. ஆயினும், வெட்டிய மரத்துக்கு மாற்றாக மரம் நடலாம். வெட்டிய குன்றுக்கு மாற்றாகக் குன்றை நட இயலாது. எக்குன்றை வெட்டுவது, எதனைக் காப்பது என்பதை முன்னரே தெளிந்து முடிவுசெய்வது நம் தலைமுறையின் பொறுப்பாகும்.

கலைச்சொற்கள்

நைஸ் – வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய, வரிகளையுடைய பாறை
படிகம் – ஒழுங்கான உள்ளமைப்புடைய கனிமத் துண்டு

சிந்தனை வினாக்கள்

1. கிருஷ்ணகிரிக் குன்றுகள் எரிமலைகள் அல்ல என்பதைச் சான்றுடன் நிறுவுக.
2. உம் ஊரின் குன்று ஒன்றைக் காக்க வேண்டுமா, கல்லுக்காகப் பயன்படுத்த வேண்டுமா? இருதரப்புக் கருத்துகளையும் தொகுத்து எழுதுக.