மணலைப் பிணைக்கும் நுண்ணுயிர்கள்

நுழையும்முன்

கட்டடத்தின் உறுதி சுவரில் மட்டும் இல்லை; அதனைத் தாங்கும் மண்ணிலும் இருக்கிறது. அம்மண்ணை வலுவாக்கும் பணியில் நுண்ணுயிர்களையும் ஈடுபடுத்த இயலும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

குழம்பான நிலம்

1964ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஜப்பானின் நீகாட்டா நகரில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கிருந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் சில, பெரிதும் சிதையாமலேயே சாய்ந்தன. குறை சுவரில் இல்லை. அடியிலிருந்த மணலில் இருந்தது. நீர் நிறைந்த தளர்வான மணல் அதிரும்போது துகள்கள் நெருங்க முயல்கின்றன. இடையிலுள்ள நீர் விரைந்து வெளியேற வழியின்றி, அதன் அழுத்தம் மிகுகிறது. துகள்கள் ஒன்றையொன்று தாங்கும் பிடிப்பை இழக்க, நிலம் குழம்பாகிறது. இதுவே மண் நீர்மமாதல்.

நுண்ணுயிரின் பணி

மண்ணை அதிரச்செய்து இறுக்குவது வழக்கமான தீர்வுகளுள் ஒன்று. ஆனால், கட்டடங்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் அது தீங்காகலாம். அத்தகைய இடங்களுக்கு ஏற்ற வழியொன்றை 'ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி' என்னும் மண்வாழ் பாக்டீரியா காட்டுகிறது. இதனை நீரில் கலந்து மணலுக்குள் செலுத்துவர். பின்னர் யூரியா, கால்சியம் குளோரைடு ஆகியவற்றின் கரைசலைச் செலுத்துவர். பாக்டீரியாவின் யூரியேஸ் நொதி யூரியாவைச் சிதைக்க, கார்பனேட்டும் அம்மோனியமும் உண்டாகின்றன. கார்பனேட்டு கால்சியத்துடன் சேர்ந்து கால்சைட் படிகமாகிறது. துகள்கள் தொடும் இடங்களில் படியும் படிகங்கள் அவற்றைப் பிணைக்கின்றன. இடைவெளிகள் முழுவதும் அடைபடுவதில்லை; ஆதலால் நீரும் ஊடுருவிச் செல்லும்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் 100 கனமீட்டர் மணலில் இதனைச் சோதித்தனர். 16 நாள்களில் ஏறத்தாழ 40 கனமீட்டர் மணல் இறுகியது. எனினும், அதன் வலிமை எல்லா இடங்களிலும் ஒரே சீராக அமையவில்லை.

எஞ்சுவது என்ன?

இம்முறை எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. களிமண்ணின் நுண்ணிய இடைவெளிகளில் பாக்டீரியா எளிதில் நுழைய இயலாது. அதனினும் பெரிய சிக்கல், எஞ்சும் அம்மோனியம். அது நிலத்தடி நீரில் கலந்தால், மண்ணைக் காத்த முறையே நீரைக் கெடுத்துவிடும். ஆகவே, பணி முடிந்தபின் மண்ணை நீரால் அலசி, அந்நீரைச் சேகரித்துத் தூய்மைப்படுத்த வேண்டும். உயிரியல் முறை என்பதாலேயே ஒன்று தூயதாகிவிடாது. மண் பெறும் வலிமையோடு, அதில் நாம் விட்டுச்செல்வதையும் அளப்பதே முழுமையான பொறியியல்.

கற்பவை கற்றபின்

ஆற்றோரக் கட்டடம் ஒன்றிற்கு இம்முறையைப் பரிந்துரைக்கும்முன் எவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என வகுப்பில் கலந்துரையாடுக.